அறிவியல் பாடத்தில் படம்: தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிறுநகரில், தமிழ்ப்பள்ளியின் அறிவியல் அறைச் சுவரில் படங்களுக்குப் பஞ்சம் இருக்காது. இதயம், பூவின் பாகங்கள், நீர்ச் சுழற்சி, சூரியக் குடும்பம் என்று லேமினேட் செய்த படங்கள் வரிசையாகத் தொங்கும். மாணவர்களும் அவற்றைப் பார்த்து நோட்டில் அழகாக எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் "இந்த அம்பு எதைக் காட்டுகிறது?" என்று கேட்டால் பலர் தடுமாறுவார்கள். படத்துக்கென்று ஒரு மொழி உண்டு. குறுக்கே வெட்டிக் காட்டுவது, நிறம் மாற்றுவது, சிறியதைப் பெரிதாக்குவது, அம்பு போடுவது எல்லாம் பெரியவர்கள் தமக்குள் ஒத்துக்கொண்ட வழக்கங்கள். குழந்தைக்கு அவை பிறவியிலேயே தெரியாது. எழுத்து வாசிக்கக் கற்றுக்கொடுப்பதுபோல இதையும் கற்றுக்கொடுத்தாக வேண்டும். முடித்த படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு விளக்குவதைவிட, குழந்தையின் கண்முன்னே கோடு கோடாகப் படத்தைக் கட்டியெழுப்புவதே அதற்கு நல்ல வழி. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த அடிப்படையில் அமைந்தவை.

படி 1: பாடத்தை ஒரு கேள்வியாக்குங்கள்

"ரப்பர் மரம்" என்பது தலைப்பு. "கத்தி பட்டதும் பால் எங்கிருந்து வருகிறது?" என்பது கேள்வி. எந்த வகைப் படம் வேண்டும் என்பதைக் கேள்விதான் தீர்மானிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் வெட்டுத் தோற்றம் வரைய வேண்டும். எதற்குப் பிறகு எது என்றால் வரிசைப் படம். எது எங்கே போகிறது என்றால் அம்புப் படம். எவ்வளவு என்றால் பட்டைக் குறிவரைவு. எதோடு எது இணைந்திருக்கிறது என்றால் மின்சுற்றுக்கு வரைவதுபோலக் குறியீட்டுப் படம்.

ஒரு படத்துக்கு ஒரு கேள்வி போதும். நீர்ச் சுழற்சிப் படத்தில் மீன், படகு, தொழிற்சாலைப் புகை, வானவில் எல்லாம் சேர்ந்துவிட்டால் குழந்தையின் கண் மீனிலேயே நிற்கும். ஆவியாதலும் ஆவி குளிர்ந்து நீராவதும் கண்ணில் படாது.

எல்லாவற்றுக்கும் படம் தேவை என்றும் இல்லை. காந்தம் ஊசியை இழுப்பதைப் படத்தில் காட்டுவதில் பயனில்லை. காந்தத்தையே கையில் கொடுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாதது, மிகச் சிறியது, மிகப் பெரியது, மிக மெதுவாக நடப்பது, உள்ளே ஒளிந்திருப்பது ஆகிய இவற்றுக்குத்தான் படம் கைகொடுக்கும்.

படி 2: முதலில் பொருள், பிறகு புகைப்படம், கடைசியில் கோட்டுப்படம்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். கோட்டுப்படத்தை மட்டும் பார்த்த குழந்தைக்கு அது எந்தப் பொருளின் படம் என்பதே புரியாமல் போகலாம். தோட்டப்புறப் பள்ளிக்கு இதில் பெரிய வசதி உண்டு. பாடப்பொருள் வேலிக்கு அப்பாலேயே விழுந்து கிடக்கிறது.

செம்பனைப் பழத்தை எடுத்துக்கொள்வோம். பழுத்து உதிர்ந்த பழங்களில் குழுவுக்கு இரண்டு வீதம் எடுங்கள். உதிரிப் பழமும் தோட்டத்தின் சொத்துதான். எனவே மண்டோரிடமோ (தோட்ட மேற்பார்வையாளர்) நிர்வாகத்திடமோ முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுப்பது முறை. அன்று பொறுக்கியதை அன்றே பயன்படுத்துங்கள். இரண்டு நாள் கழிந்தால் சதை நசுங்கி அடுக்குகள் தெளிவாகத் தெரியாது.

பழத்தை ஆசிரியர்தான் வெட்ட வேண்டும். மேல் சதை எளிதாக வெட்டுப்படும், உள்ளே உள்ள ஓடு கத்தியைத் தடுத்து வழுக்கிவிடும். பழத்தைக் கையில் பிடிக்காமல், பழைய துணி விரித்த பலகைமேல் படுக்க வையுங்கள். கனமான கத்தியின் கூர்மையை நீளவாக்கில் பதித்து, கத்தி முதுகில் சுத்தியலால் தட்டுங்கள். கிளை வெட்டும் கத்திரிக்கோல் இருந்தால் இன்னும் பாதுகாப்பு. மேசையில் செய்தித்தாள் விரிக்க மறந்தால் அந்த ஆரஞ்சு எண்ணெய்க் கறை பள்ளிச் சீருடையைவிட்டுப் போகாது.

வெட்டிய முகத்தில் நான்கு பகுதிகள் தெரியும். மெல்லிய வெளித்தோல், ஆரஞ்சு நிறச் சதை, கறுத்த ஓடு, வெள்ளைப் பருப்பு. சமையல் எண்ணெய் சதையிலிருந்து வருகிறது. பருப்பிலிருந்து கிடைப்பது வேறு எண்ணெய். சதையின் உட்பக்கம் ஓட்டை ஒட்டிக் கறுப்பு நார்ப் புள்ளிகள் ஒரு வளையமாக இருக்கும். இன்று தோட்டங்களில் நடும் தெனெரா வகைக்கு அதுதான் அடையாளம். தடித்த ஓடுள்ள டூரா வகையில் அந்த வளையம் இருக்காது. கூர்மையான கண்ணுள்ள மாணவன் அதைத் தானாகவே கண்டுபிடிப்பான். அவன் சொல்லும்வரை நீங்கள் சொல்லாதீர்கள்.

அடுத்தது புகைப்படம். கைப்பேசியை வெட்டு முகத்துக்கு நேர்மேலே பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், எண்ணெய் மினுமினுத்து அடுக்குகள் மறைந்துவிடும். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். பழத்தின் அருகே ஒரு 10 சென் நாணயத்தை வையுங்கள். அதன் விட்டம் ஏறத்தாழ 19 மி.மீ. படம் எவ்வளவு பெரிதானாலும் பழத்தின் உண்மை அளவை மாணவர்கள் அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அதன்பின் பலகையில் கோட்டுப்படம் வரையுங்கள். வெளிவிளிம்பு ஒரு கோடு, அதற்குள் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கோடு. முடித்ததும் புகைப்படத்தையும் கோட்டுப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டே கேள்விகள் கேளுங்கள்: "புகைப்படத்தில் இருந்து, கோட்டுப்படத்தில் விடுபட்டது என்ன? ஏன் விட்டோம்?" கீறல், எண்ணெய்ப் பளபளப்பு, தூசி என்று பதில் வரும். கோட்டுப்படம் தேவையானதை மட்டும் தேர்ந்தெடுக்கிறது என்பதை மாணவர்கள் அந்த ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். நேரமில்லை என்று இந்தக் கேள்விகளை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

பூவின் பாகங்களுக்குச் செம்பருத்தி போதும். ஒற்றை அடுக்கு இதழ் உள்ள பூவாகப் பாருங்கள். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் பல இதழ்களாக மாறியிருப்பதால் பாடம் குழம்பும். காம்பிலிருந்து மேல்நோக்கிச் சவர பிளேடால் நெடுக்காகப் பிளந்தால் அடியில் சூற்பை தெரியும். அதிலிருந்து கிளம்பும் சூல்தண்டு மகரந்தக் குழலின் உள்ளே ஓடி, நுனியில் ஐந்து சூல்முடிகளாகப் பிரிவதைக் காணலாம். வெட்டாமல் பக்கத்திலிருந்து பார்த்தால் சூல்தண்டு தெரியாது. வெட்டுத் தோற்றம் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

படி 3: பலகையில் படத்தைக் கட்டுவது

ரப்பர் மரப்பட்டையைக் கொண்டு இதை முழுதாகப் பார்ப்போம். 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்குகிறது நம் வட்டாரத்தின் ரப்பர்க் கதை. இன்று செம்பனை அந்த இடத்தைப் பிடித்துவிட்டாலும், பால் வெட்டிய பாட்டியும் தாத்தாவும் பல வீடுகளில் இருக்கிறார்கள். பாடத்துக்கு முதல்நாள் மாணவர்கள் வீட்டில் ஒரு கேள்வி கேட்டு வரட்டும்: "ஏன் பாட்டி, ஆழமா வெட்டினா என்ன ஆகும்?" மறுநாள் வகுப்பில் நீங்கள் வரையும் படம் அந்தப் பதிலைச் சரிபார்க்கும் கருவியாகும்.

படம் பலகையில் 60 செ.மீ. அகலத்துக்குக் குறையக்கூடாது. முதலில் இடப்பக்கம் அகலமான செவ்வகமாக மரக்கட்டை. அதன் ஓரத்தில் சிவப்பு மார்க்கரால் ஒரே ஒரு மெல்லிய கோடு, அது கேம்பியம், மரமும் பட்டையும் வளரும் இடம். இங்கே நிறுத்தி, மாணவர்கள் தங்கள் தாளில் அதுவரை வரைந்து முடிக்கும்வரை காத்திருங்கள். அடுத்து கேம்பியத்துக்கு வெளியே மென்பட்டை, அதற்கும் வெளியே வன்பட்டை, கடைசியாகத் தக்கை. மறுபடியும் நிறுத்துங்கள். உண்மையில் இந்தப் பட்டை முழுவதும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமன்தான். பலகையில் அதை 40 செ.மீ. வரைந்திருந்தால், பக்கத்தில் "ஏறத்தாழ 40 மடங்கு பெரிது" என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டால் பட்டை அரை மரத்துக்கு இருக்கிறது என்று குழந்தை நம்பிவிடும்.

பிறகு பால் குழாய்களைப் புள்ளிக்கோடுகளாகப் போடுங்கள். மென்பட்டையில், கேம்பியத்தை நெருங்க நெருங்க நெருக்கமாகவும் வெளியே போகப்போக அரிதாகவும் இருக்கட்டும். இப்போது கேள்வி: "கத்தி எங்கே நிற்க வேண்டும்?" இரண்டு மூன்று மாணவர்கள் பலகைக்கு வந்து குறி போடட்டும். தவறான குறியையும் அழிக்காதீர்கள். மேலோட்டமாக நிறுத்தியவன் குறிக்குள் எத்தனை குழாய் அகப்படுகிறது என்று வகுப்பு எண்ணிப் பார்க்கட்டும். கேம்பியத்தைத் தாண்டியவனிடம், புதுப்பட்டையை உண்டாக்கும் கோடு எது என்று கேளுங்கள். கேம்பியம் காயப்பட்டால் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அந்த இடத்தில் திரும்பப் பால் வெட்டுவது சிரமம். அதனால்தான் தேர்ந்த கை கேம்பியத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வெளியிலேயே நின்றுவிடுகிறது. 40 மடங்குப் படத்தில் அது 4 செ.மீ. அடிக்கோல் வைத்துக் குறியுங்கள்.

இந்தப் படத்தில் இன்னொரு தவறான எண்ணத்தையும் சரிசெய்துவிடலாம். மரம் வேரால் உறிஞ்சும் நீர்தான் பாலாக வடிகிறது என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். நீர் மேலே ஏறும் குழாய்களை நீல நிறத்தில் கட்டைக்குள் வரையுங்கள். பால் குழாய்கள் பட்டைக்குள். இரண்டுக்கும் நடுவில் சிவப்புக் கோடு. வேறு விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவது படம் மரத்தை முன்னிருந்து பார்க்கும் தோற்றம். பால் வெட்டும் கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இறங்குகிறது. ஏன் மறுபக்கமாக இறங்கக்கூடாது? பால் குழாய்கள் செங்குத்தாக ஓடாமல், மேலே போகப்போக வலப்பக்கம் சற்றுச் சாய்கின்றன. இதை வாயால் சொல்வதைவிட எண்ண வைப்பது நல்லது. ஆளுக்கு ஒரு ஏ4 தாள் கொடுங்கள். 1 செ.மீ. இடைவெளியில் தாள் முழுக்க இணைகோடுகள் வரையச் சொல்லுங்கள். எல்லாக் கோடுகளும் செங்குத்திலிருந்து 15 பாகை வலப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். அவற்றின்மேல் 10 செ.மீ. நீளத்தில் இரண்டு வெட்டுகள் போடட்டும். ஒன்று இடமிருந்து வலமாக 30 பாகை இறங்குவது, மற்றது வலமிருந்து இடமாக இறங்குவது. முதல் வெட்டு 9 அல்லது 10 கோடுகளைத் தொடும், இரண்டாவது 7 மட்டுமே. ஒரே நீள வெட்டு, ஆனால் திறக்கும் குழாய்களின் எண்ணிக்கை வேறு. தாளின் மூலையில் "சாய்வு மிகைப்படுத்தப்பட்டது" என்று எழுதச் சொல்லுங்கள். உண்மைச் சாய்வு சில பாகைதான், எனவே உண்மை வேறுபாடும் இதைவிடச் சிறியது. படத்தில் எதைப் பெரிதாக்கினோம் என்று எழுதி வைப்பதும் அறிவியல் ஒழுக்கம்தான்.

முதல் படத்தைக் கட்ட 15 நிமிடம் ஆகும். ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் பலகையைவிட்டு விலகி நில்லுங்கள். வகுப்புக்கு முதுகு காட்டி வரைந்துகொண்டே பேசினால் பின்வரிசைக்குப் படமும் தெரியாது, குரலும் கேட்காது.

படி 4: அம்புகள்

அறிவியல் படங்களில் அதிகம் தவறுவது அம்புதான். ஒரே படத்தில் ஓர் அம்பு அசைவையும், ஒன்று மாற்றத்தையும், ஒன்று காலத்தையும், இன்னொன்று வெறும் பெயரையும் காட்டினால் குழந்தை எப்படிப் புரிந்துகொள்ளும்?

முதல் விதி: பெயர் சுட்டும் கோட்டுக்கு அம்புமுனை கிடையாது. வெறும் கோடு. அம்புமுனை இருந்தால் ஏதோ ஒன்று போகிறது என்று பொருள். இரண்டாம் விதி: எது போகிறதோ அதை அம்பின்மேல் எழுத வேண்டும். நீராவி, உணவு, ஒளி, மகரந்தம், எதுவானாலும் சரி.

உணவுச் சங்கிலியைப் பாருங்கள். தோட்டத்துச் சங்கிலி எளியது: செம்பனைப் பழம், எலி, கூகை என்னும் ஆந்தை. எலியைக் கட்டுப்படுத்தவே பல தோட்டங்களில் கம்பத்தின்மேல் ஆந்தைப் பெட்டி வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் அதைத் தினமும் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வருகிறார்கள். இதை வரையச் சொன்னால் பெரும்பாலோர் அம்பைத் தலைகீழாகப் போடுவார்கள், எலியிலிருந்து பழத்துக்கு. "எலி பழத்தைத் தின்கிறது" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, தின்பதிலிருந்து தின்னப்படுவதற்கு அம்பு விடுகிறார்கள். சிவப்பு மையால் திருத்தினால் அடுத்த வாரம் மறுபடியும் அதே தவறு வரும்.

இப்படிச் செய்யுங்கள். மூன்று மாணவர்கள் பழம், எலி, கூகை என்று அட்டை மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்கட்டும். பழமாக நிற்பவர் கையில் இருபது போத்தல் மூடிகள், அவை உணவிலுள்ள சக்தி. பழம் எலியிடம் மூடிகளைக் கொடுக்கட்டும். எலி ஓடியதிலும் உடலைச் சூடாக வைத்ததிலும் செலவானவை என்று பெரும்பங்கைக் கீழே போட்டுவிட்டு, மிச்சத்தைக் கூகையிடம் கொடுக்கட்டும். மூடி எந்தப் பக்கம் போனது? அந்தப் பக்கம்தான் அம்பு. அதே நிமிடத்தில் வரைய வையுங்கள், அம்பின்மேல் "சக்தி" என்று எழுத வையுங்கள்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதை உணவு வலையாக விரிக்கலாம். செம்பனையின் ஆண் பூங்கொத்தில் ஒரு சிறு வண்டு வாழ்கிறது. 1981இல் கேமரூனிலிருந்து மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மகரந்த வண்டு அது. அதற்கு முன் தோட்டங்களில் ஆட்களை வைத்துக் கையால் மகரந்தம் தூவினார்கள். அந்த வண்டின் புழுக்களை எலி தின்னும். ஆகவே எலிக்கு இரண்டு பக்கமிருந்து அம்பு வருகிறது. வண்டு ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்குப் போவதும் அம்புதான், ஆனால் அங்கே போவது மகரந்தம். அந்த அம்பைப் புள்ளிக்கோடாகப் போட்டு, மூலையில் குறி விளக்கம் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அம்பு போட்டால் பூவை வண்டு தின்பதும் மகரந்தம் சுமப்பதும் ஒன்றாகிப்போகும்.

ஒளிக் கதிரிலும் இதே தவறு வரும். "நான் பந்தைப் பார்க்கிறேன்" என்று கண்ணிலிருந்து பந்துக்கு அம்பு விடுவார்கள். விளக்கிலிருந்து பந்துக்கு ஒரு கோடு, பந்திலிருந்து கண்ணுக்கு ஒரு கோடு. இரண்டையும் அடிக்கோலால் வரைந்து, அம்புமுனையைக் கோட்டின் நடுவில் போடுங்கள். கோட்டின் நுனியில் போட்டால் பொருளின் விளிம்போடு கலந்து தெரியாமல் போகும்.

படி 5: அச்சுப் படங்கள் விதைக்கும் தவறான எண்ணங்கள்

கடையில் வாங்கிய படத்தை மாட்டுமுன் இவற்றைச் சரிபாருங்கள்.

பூமியின் சுற்றுப்பாதையைப் பல படங்கள் நீண்ட முட்டை வடிவில் காட்டுகின்றன. அதைப் பார்க்கும் குழந்தை, சூரியனை நெருங்கினால் வெயில், விலகினால் குளிர் என்று முடிவுகட்டிவிடும். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கி.மீ. தூரத்தில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். அப்போது வடக்கு நாடுகளில் கடுங்குளிர். மிகத் தொலைவு 15.2 கோடி கி.மீ., ஜூலைத் தொடக்கத்தில். 15 செ.மீ. ஆரத்தில் காம்பஸால் ஒரு வட்டம் வரைந்து, சூரியனை மையத்திலிருந்து 2.5 மி.மீ. தள்ளி வையுங்கள். அதுவே கிட்டத்தட்ட உண்மையான பாதை. முட்டை வடிவம் எங்கே என்று கேட்டால், அது பென்சில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்று சொல்லுங்கள்.

பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தூரமும் அப்படித்தான். படங்களில் இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கும். பூமியை 4 செ.மீ. விட்டமுள்ள களிமண் உருண்டையாக்கினால், நிலா 1.1 செ.மீ. உருண்டை. அதை 1.2 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அதே அளவில் சூரியன் 4.4 மீட்டர் விட்டமுள்ள கோளம், பள்ளி வாசலிலிருந்து தோட்டச் சாலையில் 470 மீட்டர் தள்ளி நிற்கும். ஒருமுறை அவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிப்போய் வந்தால், புத்தகப் படம் இடத்துக்காகச் சுருக்கி வரைந்தது என்பது மறக்காது.

இதயப் படத்தில் இடதும் வலதும் மாறியிருக்கும், எதிரே நிற்பவரின் இதயத்தை நாம் பார்ப்பதுபோல. படத்தை மாணவன் தன் நெஞ்சில் வெளிப்பக்கமாகப் பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும். நீல நிறத்தில் காட்டும் இரத்தம் உண்மையில் நீலமல்ல, கருஞ்சிவப்பு. படத்தின் ஓரத்தில் "நீலம் வேறுபடுத்திக் காட்டுவதற்கு மட்டும்" என்று நீங்களே எழுதி ஒட்டுங்கள். கொதிக்கும் கேத்தல் வாயில் வெள்ளையாக வரைவதை நீராவி என்று குறிப்பதும் தவறு. நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்து உருவான நீர்த்துளிகள். கேத்தல் வாய்க்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தில்தான் "நீராவி" என்று எழுத வேண்டும்.

மின்சுற்றில் குழந்தைகள் பல்பை ஒற்றைக் கம்பியால் இணைத்து வரைவார்கள். பல்புக்கு இரண்டு தொடுமுனைகள் உண்டு, அடியில் உள்ள குமிழ் ஒன்று, பக்கத்து உலோக உறை மற்றொன்று. உண்மைப் பல்பைக் கையில் கொடுத்து அந்த இரண்டையும் தொட்டுக் காட்டச் சொன்ன பிறகே குறியீட்டுக்குப் போங்கள். மின்கலக் குறியீட்டில் நீளக் கோடு நேர்முனை, குட்டைக் கோடு எதிர்முனை.

படி 6: பெயர்க்குறிப்பும் எழுத்தும்

பெயரை உறுப்பின் பக்கத்திலேயே எழுதுங்கள். 1, 2, 3 என்று எண் போட்டுக் கீழே பட்டியல் தந்தால், கண் மேலும் கீழும் அலைந்து கவனம் சிதறும். பெயர்க்கோடுகள் ஒன்றையொன்று குறுக்கிடக் கூடாது. கோட்டின் முனை உறுப்பைத் தொட வேண்டும், அருகில் நின்றுவிடக் கூடாது.

3 மீட்டர் தூரத்துக்கு 2.5 செ.மீ. உயர எழுத்து என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பின்வரிசை 6 மீட்டரில் இருந்தால் 5 செ.மீ. தமிழ் எழுத்தில் புள்ளியும் கொம்பும் சுழியும் தூரத்தில் முதலில் மறைவன. தடித்த மார்க்கரால் நெருக்கி எழுதினால் "கி"யும் "கீ"யும் ஒன்றாகத் தெரியும். நடுத்தர முனை மார்க்கர் எடுத்து, வரிகளுக்கு நடுவில் எழுத்து உயரத்தில் பாதி இடைவெளி விடுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பையன்கள் சிலர் எந்தப் பள்ளியிலும் இருப்பார்கள். ஆகவே நிற வேறுபாட்டோடு கோட்டின் வகையையும் மாற்றுங்கள்: முழுக்கோடு, புள்ளிக்கோடு, இரட்டைக்கோடு.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ்ப் பெயரின்கீழ் மலாய்ப் பெயரையும் சிறிதாகச் சேர்த்துவிடுங்கள்: உணவுச் சங்கிலிக்குக் கீழ் ரந்தாய் மக்கானான், தொடர் மின்சுற்றுக்குக் கீழ் லித்தார் சிரி. படிவம் 1இல், அதாவது இடைநிலைப்பள்ளி முதலாண்டில், அதே படத்தை அவர்கள் மலாயில் சந்திப்பார்கள். தெரிந்த படமாக இருந்தால் சொல் மட்டுமே புதிது.

படி 7: மாணவர் வரையும் படம்

இது ஓவியப் பாடம் அல்ல என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூர் சீவிய பென்சில். ஒரே தடவையில் இழுத்த தெளிவான கோடு, மயிர்க்கோடுகள் வேண்டாம். நிழல் தீட்ட வேண்டாம். படம் தாளில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும், சிறிதாக வரைந்தால் பெயர் எழுத இடமிருக்காது. பெயர்க்கோட்டுக்கு அடிக்கோல். மேலே தலைப்பு, கீழே எத்தனை மடங்கு என்ற குறிப்பு. 3 செ.மீ. பழத்தை 12 செ.மீ. வரைந்தால் "4 மடங்கு".

மதிப்பெண் தரும்போது அழகுக்குத் தராதீர்கள். உற்றறிந்ததை வரைந்தானா, புத்தகத்தில் பார்த்ததை வரைந்தானா என்று பாருங்கள். வெட்டிக் கொடுத்த பழத்தில் பருப்பு ஓரமாக ஒதுங்கியிருக்க, மாணவனின் படத்தில் மட்டும் அது நட்ட நடுவில் இருந்தால் அவன் பழத்தைப் பார்க்கவில்லை. நன்றாக வரையத் தெரியாத குழந்தை கோணல்மாணலாக வரைந்து, பருப்பைச் சரியான இடத்தில் வைத்திருந்தால் முழு மதிப்பெண் அதற்குத்தான். வரையத் தயங்கும் குழந்தைக்கு வெளிவிளிம்பு மட்டும் அச்சிட்ட தாள் கொடுங்கள். உள்ளே உள்ளதை அது நிரப்பட்டும்.

மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளியில் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே வகுப்பில் இருப்பார்கள். அங்கே படம் பெரிய உதவி. அதே செம்பனைப் பழத்தில் சிறியவர்கள் பாகங்களின் பெயர் எழுதட்டும், பெரியவர்கள் ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் அளந்து பட்டைக் குறிவரைவு போடட்டும். பலகையில் ஒரே படம், கேள்விகள் இரண்டு.

படி 8: செய்வதும் பாதுகாப்பதும்

வரைய வராது என்று தயங்கும் ஆசிரியருக்கு ஒரு வழி உண்டு. வெண்பலகைமேல் மாஜோங் தாளை (பெரிய வெள்ளைத் தாள்) ஒட்டி, புரொஜெக்டரால் படத்தை அதன்மேல் விழச் செய்து, பென்சிலால் மெல்லிதாகத் தடம் எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் அந்தத் தடத்தின்மேல் மார்க்கர் ஓட்டினால் போதும். மாணவர்களுக்கு அந்தப் பென்சில் தடம் தெரியாது, படம் கண்முன்னே உருவாவதுதான் தெரியும். புரொஜெக்டரிலேயே நேரடியாகக் காட்டுவதானால் முழுப்படத்தை ஒரே சிலைடில் போடாதீர்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு சிலைடு. தோட்டப்புறத்தில் இணையத்தை நம்பிக் கிளம்ப முடியாது, முதல்நாளே பதிவிறக்கி வையுங்கள்.

காற்றாடிக்கு நேர்கீழே மாஜோங் தாள் நிற்காது. மேலும் கீழும் ஒரு மரச்சட்டம் வைத்து ஒட்டுங்கள். நாலு ஏ4 அட்டைகளைப் பின்பக்கம் டேப் போட்டு இணைத்தால் 42 × 59 செ.மீ. பலகை கிடைக்கும், மடித்தும் வைக்கலாம். லேமினேட் செய்த படத்தைச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் பளபளப்பில் ஒன்றும் தெரியாது. சன்னலுக்குப் பக்கச்சுவரில் மாட்டுங்கள். இந்த ஈரக்காற்றில் நீர்மைப் பேனாவால் எழுதியது கசியும், அழியாத மைதான் நல்லது.

படி 9: மூன்று வாரம் கழித்து

பாடம் முடிந்த அன்றைக்குச் சரியாக வரைவது எதையும் நிரூபிக்காது. மூன்று வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், வெற்றுத் தாளைக் கொடுத்து அதே படத்தைக் கேளுங்கள். சுவரில் உள்ள படத்தை அன்று மட்டும் திருப்பி மாட்டுங்கள். நேரம் 10 நிமிடம். மூன்றே விஷயங்களைப் பாருங்கள்: உறுப்புகளின் வரிசை சரியா, அம்பின் திசை சரியா, அம்பின்மேல் எது போகிறது என்று எழுதியிருக்கிறானா.

தாள்களைத் தவறின் வகைப்படி அடுக்குங்கள், மதிப்பெண்படி அல்ல. பெயர் மட்டும் மறந்தவர்களுக்கு ஒரு நிமிட நினைவூட்டல் போதும். வரிசை மாறியவர்களுக்குப் பொருளை மறுபடி வெட்டிக் காட்ட வேண்டும். அம்பைத் திருப்பிப் போட்டவர்கள் மட்டும் தனிக் குழு. அவர்களிடம் படத்தைத் திருத்தச் சொல்லாதீர்கள், போத்தல் மூடிகளை எடுத்துக் கொடுங்கள்.